கொசுவலை அடிச்ச போர்ச்: சோஃபா வாங்குறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். இப்ப நான் உக்காந்திருக்கிறது எங்க வீட்டுப் பின்பக்க போர்ச்ல, அதாவது கூரை போட்டு சுத்திலும் கொசுவலை அடிச்ச திண்ணை மாதிரி இடத்துல. போன வீடியோவுல இது லேசா தெரிஞ்சதுக்கே, "சோஃபா எப்படிப் பார்த்து வாங்குனீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன், ஆனா கடைசியில. அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது நிறைய இருக்கு.

அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல ராலே, கேரி பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், கோடை வந்துட்டா வெளிய டெக்ல, அதாவது வீட்டை ஒட்டின மரப்பலகைத் தளத்துல, நிம்மதியா உக்கார முடியாது. இங்க ஆசியப் புலிக்கொசு அதிகம். கால்ல கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்குமே, அதுதான். பொழுது சாயட்டும்னு காத்திருக்காது, பட்டப்பகல்லயே கடிக்கும். பழைய டயர்ல தேங்கின தண்ணியோட கப்பல்ல வந்து, 1985ல ஹூஸ்டன் பக்கம் பரவ ஆரம்பிச்சது. இப்ப தென் மாநிலங்கள் பூரா இருக்கு. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்குறாங்க. வாசல்ல உக்காந்தே பழகினவங்களை ஏசி ரூம்ல அடைச்சு வைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இந்த போர்ச்சைக் கட்டினதே அவங்களுக்காகத்தான்.

கேமராவை இப்படிக் கீழ திருப்புறேன், பாருங்க. டெக் பலகைக்கு நடுவுல இடுக்கு இருக்கு, தெரியுதா? சுத்திலும் எவ்வளவு அழகா வலை அடிச்சாலும், கொசு இது வழியா மேல வந்துடும். புதுசா கட்டுறீங்கன்னா பலகை போடுறதுக்கு முன்னாடியே அதைத் தாங்குற மரச்சட்டத்து மேல வலையை விரிச்சுடச் சொல்லுங்க. ஏற்கனவே டெக் இருந்தா அடிப்பக்கம் போய் ஸ்டேப்ளர் போட்டு அடிக்கணும். தரை தாழ்வா இருந்தா உள்ள ஆள் நுழையவே முடியாது, அப்ப பலகையைக் கழட்டித்தான் ஆகணும். கான்ட்ராக்டர் குடுக்கிற கொட்டேஷன்ல இது இருக்கான்னு வாய்விட்டுக் கேளுங்க.

அடுத்தது வலை. இஞ்சுக்கு ஒரு பக்கம் 18 இழை, இன்னொரு பக்கம் 16 இழைன்னு வர்ற ஃபைபர் கிளாஸ் வலை கொசுவுக்குப் போதும். வில்மிங்டன் மாதிரி கடலோரத்துல இருந்தா கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி தொல்லை உண்டு, அங்க 20க்கு 20 வேணும். ஆனா இழை நெருக்கமாக ஆகக் காத்து குறையும், தேவையில்லாம அதைப் போடாதீங்க. நிறம் கறுப்பா எடுங்க. வெளியில இருக்கிற மரம் செடி தெளிவாத் தெரியும். வெளிர் நிறத்துல வெயில் பட்டா வலைதான் கண்ணுக்குத் தெரியும்.

குழந்தைங்க இருக்கிற வீடா? வலை கைப்பிடிச்சுவர் ஆகாது. சாஞ்சா பிச்சுக்கிட்டுப் போயிடும். தரையிலேர்ந்து 30 இஞ்சுக்கு மேல போர்ச் இருந்தா குறைஞ்சது 36 இஞ்ச் உயரத்துக்குத் தடுப்பு வைக்கணும்னு கட்டட விதியே சொல்லுது.

ஃபேன் வாங்குறப்போ அட்டையில 'டேம்ப் ரேட்டட்', 'வெட் ரேட்டட்'னு போட்டிருக்கான்னு பாருங்க. முதலாவது ஈரக்காத்தைத் தாங்கும், ரெண்டாவது தண்ணி நேரா பட்டாலும் தாங்கும். சாரல் உள்ள அடிக்கிற இடம்னா ரெண்டாவதுதான். வீட்டுக்குள்ள போடுற ஃபேனை இங்க மாட்டினா, ஈரத்துல அதோட இறக்கை தொங்கிப் போயிடும்.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயம், ஊஞ்சல்! கூரைக்கு அடியில அழகுப் பலகை அடிச்சு மூடுறதுக்கு முன்னாடியே கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடணும். மேல உத்தரத்துக்கு நடுவுல கனமான குறுக்குக் கட்டை வச்சு, கொக்கி அதுல இறங்கணும். வெறும் அழகுப் பலகையில திருகினா ஆள் உக்காந்ததும் பிடுங்கிட்டு வந்துடும். ஆடுறப்போ இழுக்கிற பாரம், சும்மா உக்காந்திருக்கிற எடையை விட அதிகம். ஊர்லேர்ந்து கொண்டுவந்த பித்தளைச் சங்கிலி பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா எவ்வளவு எடை தாங்கும்னு அதுல போட்டிருக்காது. எடை குறிச்ச ஸ்டெயின்லெஸ் சங்கிலி வாங்குங்க. முன்னாடியும் பின்னாடியும் மூணு நாலு அடி காலியா விடுங்க.

மீன் வறுக்க இங்க ஒரு இண்டக்ஷன் அடுப்பு வச்சிருக்கேன், வாசம் வீட்டுக்குள்ள தங்காது. இதுக்கு ஈரத்துக்கு ஏத்த ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்ட் வேணும், அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே தானா நின்னுடுற பிளக் பாயின்ட். கரி கிரில், கேஸ் கிரில் எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழ வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் தேங்கும்.

சரி, சோஃபாவுக்கு வருவோம். வலை இருந்தாலும் இது வெளியிடம்தான். மழைச்சாரல் வரும், மார்ச் கடைசியிலயும் ஏப்ரல்லயும் பைன் மரத்து மஞ்சள் மகரந்தம் வலையைத் தாண்டி எல்லாத்து மேலயும் படியும். அதனால அலுமினியம், தேக்கு, இல்லேன்னா கெட்டியான பிளாஸ்டிக் பலகை. மெத்தை உறை அக்ரிலிக் துணி, பருத்தி சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கீழ பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச பாய், ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சுக் கழுவிடலாம்.

நீங்க கேட்ட சோஃபாவை ஒரு கடையில வச்சு அம்மாவை உக்கார வச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆழமா, தாழ்வா இருக்கிற சோஃபா ஃபோட்டோவுல நல்லா இருக்கும், ஆனா முட்டி வலிக்கிறவங்க எந்திரிக்கவே கஷ்டப்படுவாங்க. 18 இஞ்ச் உயரம், கெட்டியான மெத்தை, ஊன்றி எழ ரெண்டு பக்கமும் கைப்பிடி, இதைப் பார்த்து வாங்குங்க. மகரந்தம் அடங்குற வரைக்கும் மெத்தையை உள்ள வச்சிருங்க. அடுத்த வீடியோவுல ஊஞ்சல் கொக்கி மாட்டுறதை முழுசா காட்டுறேன்.