காதில் ‘வதா’, கொப்பியில் ‘வோதா’: ரஷ்ய எழுத்துப் பிழைக்கு ஒரு பயிற்சி

[திரை: கோடு போட்ட கொப்பி. ‘கிளமை’ என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு]

யாழ்ப்பாணத்தில் ‘கிழமை’ என்று எழுதச் சொன்னால் சின்னப் பிள்ளை ‘கிளமை’ என்று எழுதிவிடும். வாயில் வருவது அதுதானே. சொல்வதெழுதுதலில் ழகரத்தைப் பாடமாக்குவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ரஷ்ய மொழியிலும் இதே சிக்கல் உண்டு. தண்ணீருக்கான சொல் காதில் ‘வதா’ என்று விழும், எழுதுவது ‘வோதா’. அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் முன்னால் உள்ள ஓ மங்கி, அகரம்போல ஒலிக்கிறது. அழுத்தக்குறி பாடநூலிலும் அகராதியிலும் இருக்கும், பத்திரிகையில் இருக்காது.

ஆனால் அவர்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. அதே சொல்லை, மங்கிய எழுத்தில் அழுத்தம் விழும் வடிவத்துக்கு மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

[திரை: யா பியூ வோது]

‘நான் தண்ணீரைக் குடிக்கிறேன்.’ நாங்கள் ‘ஐ’ சேர்க்கும் இடத்தில் அவர்கள் ஈற்று ஆவை ஊ ஆக்குகிறார்கள். கூடவே அழுத்தமும் முன்னுக்குத் தாவுகிறது: வோது! ஒளிந்திருந்த ஓ வெளியே வந்துவிட்டது. வேற்றுமைப் பயிற்சி செய்யும்போதே எழுத்தும் திருந்துகிறது. இதனால்தான் அட்டவணையைப் பாடமாக்குவதைவிட, வாக்கியத்தில் இடைவெளி நிரப்பி வாய்விட்டு வாசியுங்கள் என்கிறேன். தமிழில் எட்டு வேற்றுமை படித்த எங்களுக்கு அவர்களுடைய ஆறு பெரிய பாரமில்லை.

சரி, நீங்கள் செய்யுங்கள். மலை ‘கரா’, கால் ‘நகா’. ‘மலையைப் பார்க்கிறேன்’ எப்படி வரும்?

[ஐந்து விநாடி அமைதி]

யா வீஷு கோரு. கால் என்றால் நோகு. இரண்டிலும் ஓதான்.

எல்லாச் சொல்லிலும் அழுத்தம் இப்படித் தாவாது. அப்போது பன்மையைச் சொல்லிப் பாருங்கள். நாய்க்கு ‘சபாகா’ என்பார்கள், எழுதுவது ‘சோபாகா’. அதற்கு எந்த வடிவமும் கைகொடுக்காது. எங்கள் ழகரம்போலப் பாடமாக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. கொப்பியில் தமிழ் எழுத்தால் குறிக்காதீர்கள். வீடும் ‘தோம்’, புத்தகத்தின் ஒரு தொகுதியும் ‘தோம்’ என்று ஆகிவிடும். ரஷ்ய எழுத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. 33 எழுத்துதான், ஒரு கிழமை போதும்.

[திரை: வெற்றுக் கோடு]

கடைசிக் கேள்வி. வீடு ‘தோம்’. வீடுகள் காதில் ‘தமா’ என்று விழும். முதல் உயிர் ஓவா, ஆவா? பென்சிலை எடுத்து ரஷ்ய எழுத்தில் எழுதுங்கள்.