ஓடிபி போட்டு உயில் எழுத முடியுமா? மின்னணுக் கையொப்பத்தின் சட்ட எல்லைகள்

(திரையில்: ஒரு கைப்பேசி, அதில் உயிலின் கடைசிப் பக்கம்)

வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலை ஒப்பந்தத்தில் ஒப்பமிடவும் ஆதார் எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் போதும் என்றாகிவிட்ட நிலையில், உயிலையும் அப்படியே முடித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி ஒப்பமிட்ட உயில் இந்தியச் சட்டத்தின் முன் செல்லாது. எழுதியவர் மறைந்த பிறகுதான் பெரும்பாலும் இந்தக் குறை குடும்பத்துக்குத் தெரியவரும். அப்போது அதைத் திருத்த ஆளில்லை.

2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, எழுத்துவடிவம் தேவைப்படும் இடத்தில் மின்னணுப் பதிவும் (பிரிவு 4), கையொப்பம் தேவைப்படும் இடத்தில் மின்னணுக் கையொப்பமும் (பிரிவு 5) செல்லும். ஆனால் காசோலை நீங்கலான மாற்றுமுறை ஆவணங்கள் (புரோநோட்டு போன்றவை), பவர் பத்திரம், அறக்கட்டளை, உயில் ஆகியவற்றை அதே சட்டத்தின் முதல் அட்டவணை பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

(திரையில்: வெள்ளைத்தாள், பேனா, எதிரே இருவர்)

உயில் ஏன் விலக்கப்பட்டது என்பதை அதன் இயல்பிலிருந்து புரிந்துகொள்ளலாம். மற்ற ஒப்பந்தங்களில் தகராறு வந்தால் ஒப்பமிட்டவரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது அவர் இருப்பதில்லை. அதனால்தான் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. எழுதியவர் ஒப்பமிட்டதை அவர்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும், அல்லது அது தம் ஒப்பம்தான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். (முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் பொருந்தும்.) ஓடிபி ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குச் சென்றது என்பதைக் கணினி காட்டும், அதைத் தட்டிய விரல் யாருடையது, படுக்கையிலிருந்த முதியவர் தெளிவோடு இருந்தாரா, அறையில் வேறு யார் நின்றார்கள் என்பதைக் காட்டாது. இந்த விலக்கு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. சட்டம் கேட்பது அந்த மனித சாட்சியத்தைத்தான்.

2022-இல் மத்திய அரசு இந்த அட்டவணையைத் தளர்த்தியது. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற அமைப்புகளின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனத்துக்கு எழுதித்தரும், கேட்டவுடன் பணம் தர வேண்டிய புரோநோட்டையும், அந்நிறுவனம் நம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தையும் இப்போது மின்னணு முறையில் எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கடனுக்கான புரோநோட்டும், வீட்டை விற்க அண்ணனுக்குக் கொடுக்கும் பவரும் இன்றும் தாளில்தான் இருக்க வேண்டும்.

முன்பு இந்த விலக்குப் பட்டியலில் இருந்த அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தமும் அதே ஆண்டில் அதிலிருந்து நீக்கப்பட்டது. இதை வைத்து வீட்டை இணையத்திலேயே கிரயம் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலமோ வீடோ பதிவுசெய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே கைமாறும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். மின்னணு ஆவணத்தைத்தான் தருவேன் என்று அரசு அலுவலகத்தில் வற்புறுத்தும் உரிமையும் நமக்கு இல்லை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு.

(திரையில்: நீதிமன்ற அறை)

செல்லுபடியாகும் மின்னணு ஒப்பந்தத்தையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று கூறும் சான்றிதழைக் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவிலும் இந்தத் தேவை இருந்தது. சான்றிதழ் இல்லாத நகலை ஏற்க முடியாது என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனவே வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டு நீட்டினால் மட்டும் போதாது. அதற்குரிய சான்றிதழும் உடன் இருக்க வேண்டும்.