சடாயு ஊர்ப் பக்கம் பாறு இல்லை

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மழை இருட்டிக்கொண்டு வந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, காலையிலிருந்து பந்தல் போட்ட தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பக்கத்தில் இருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பழைய பேர் புள்ளிருக்குவேளூர். அந்தப் புள் சடாயு. கோயிலுக்குள் சடாயு குண்டம் இருக்கிறது, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு பாறு கழுகு இல்லை. ஏன் என்பதற்கு மூன்று காரணம் சொல்ல வந்தேன்.

எனக்குப் பத்து வயசில் எங்கள் உம்பளாச்சேரி எருது செத்துப்போனது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, தாத்தா பிள்ளை மாதிரி வளர்த்தது. மேய்க்கால் திடலில் கொண்டுபோய்ப் போட்டோம். வானத்தில் முதலில் ஒரு புள்ளி, அப்புறம் பத்து, அப்புறம் நான் எண்ணவில்லை. இறங்கும்போது இறக்கைச் சத்தம் முறத்தால் புடைப்பது போலக் கேட்டது, நாய்கள்கூடத் தள்ளித்தான் நின்றன. நான் அழுதேன். "அழாதேடா, இதுங்க இல்லேன்னா ஊரே நாறிப்போவும்" என்றார் தாத்தா. சாயங்காலம் போய்ப் பார்த்தால் வெறும் எலும்பு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாறு மறைந்ததும் பூச்சிமருந்து என்றார்கள், வைரஸ் என்றார்கள், செல்போன் கோபுரம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து 2004-இல்தான் விஷயம் வெளியே வந்தது: மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, குடல் ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்துவிடும். வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை எப்படித் தாங்கும்? 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது. மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று 2006-இல் தடை வந்தது. தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் நீலகிரியில் ஓடும் மாயாற்றுப் பக்கம்தான்.

சரி, ஊசி ஒரு காரணம். கூடு கட்ட உயரமான மரம் இல்லாதது இன்னொன்று. ஆனால் மருந்துக் கம்பெனி மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! மூன்றாவது காரணம் நாம்தான்: டிராக்டர் வந்ததும் எருதை விற்றோம், மேய்க்கால் புறம்போக்கை வேலி போட்டு வளைத்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தோம். நாளைக்கே மாயாற்றிலிருந்து ஒரு ஜோடி வந்தாலும் இறங்கத் திடல் எங்கே இருக்கிறது? அடுத்த கிராம சபையில், திடலை அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுக்கிறோம். நோட்டு பந்தல் வாசலில் இருக்கிறது. தலைவர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுத் தரவேண்டும்.