எதிராளி எங்க போனாரு?

(கோத்தகிரியில ஒரு வாசகர் கூட்டத்துல பேசினது. நண்பர் ஒருத்தர் செல்லுல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாரு, அதக் கேட்டு கேட்டு டைப் பண்ணேன். பேச்சு வாடை அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கங்க. தத்துவம்னு நோட்டீஸ்ல போட்டும் இந்தக் குளிர்ல இவ்ளோ பேர் வந்திருக்கீங்க. முன்னாடி பேராசிரியர்கள், பின்னாடி காலேஜ் பசங்க, நடுவுல எஸ்டேட்ல வேலை முடிச்சிட்டு நேரா வந்தவங்க. இந்த மூணு வரிசைக்கும் சேத்து ஒரே தத்துவப் புத்தகம் எழுத முடியுமாங்கிறதுதான் என் பேச்சு.

முடியும்னுதான் நான் சொல்லுவேன், ஆனா எதக் கழிக்கணும்கிறதுல நாம தப்பு பண்றோம். பொது வாசகருக்கு எழுதுறவங்க முதல்ல தூக்கிப் போடுறது எத தெரியுமா, எதிராளிய. சங்கரர் உலகம் மாயைன்னாரு, புத்தர் ஆசைய விடுன்னாரு, முடிஞ்சு போச்சு. யாரு அத மறுத்தா, என்ன கேட்டாங்க, இவங்க தரப்புல என்ன பதில் சொன்னாங்க, ஒண்ணும் இருக்காது. முடிவு மட்டும் இருக்கும், அதப் படிச்சிட்டு தலையாட்டலாம், யோசிக்க முடியாது. சரி, அறிஞர்கள் எழுதுறதப் பாத்தா அங்கயும் எதிராளி இல்லீங்க! அவரு பேர் இருக்கும், "இது யோகாசாரர் மதம்"னு ஒரு வரி (யோகாசாரர்னா பௌத்தத்துல ஒரு பிரிவு), கீழ ஒரு அடிக்குறிப்பு, அவரு ஏன் அப்படி நினைச்சாருன்னு நமக்கு ஏற்கனவே தெரியும்னு வச்சுக்கிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. (முன் வரிசை கோவிச்சுக்கக் கூடாது.)

நம்ம பழைய ஆளுங்க இப்படிப் பண்ணல. சிவஞான சித்தியார எடுத்துக்குங்க, அருள்நந்தி சிவாச்சாரியார் தன்னோட சைவ சித்தாந்தத்த சுபக்கத்துல, அதாவது தன் தரப்புப் பகுதில, சொல்றாரு, ஆனா அதுக்கு முன்னாடி பரபக்கம்னு, அதாவது எதிர்த் தரப்புக்குன்னு, ஒரு முழுப் பகுதி எழுதி உடம்பும் உலகமும்தான் எல்லாம்கிற உலகாயதன்ல ஆரம்பிச்சு பௌத்தர், ஆசீவகர்னு வரிசையா ஒவ்வொருத்தரையும் அவங்க வாதத்தோட நிறுத்துறாரு, அப்புறம்தான் மறுப்பு. மணிமேகலைல வஞ்சி நகரத்துல அவ ஆண் துறவி வேஷத்துல போயி ஒவ்வொரு சமயவாதியா கேக்குறா இல்லையா, அதுல கண்ணால பாக்குறதத் தவிர வேற எதையும் நம்ப மாட்டேங்கிறாரு பூதவாதி. மணிமேகலை சிரிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேக்குறா: உங்க அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானம் இல்லாம, அதாவது ஒண்ண வச்சு இன்னொண்ண ஊகிக்காம, வேற எப்படி உங்களுக்குத் தெரியும்? ஒரு விஷயம் நமக்கு எப்படித் தெரியுதுன்னு ஆராயுற அளவை இயல்ல பெரிய பெரிய நூலெல்லாம் பேசுற விஷயம் இது, ஸ்கூல் பிள்ளைக்கும் புரியும், பேராசிரியருக்கும் பதில் சொல்றது கஷ்டம்தான். நான் தேடுற எழுத்து அந்த மாதிரி.

ரெண்டு வாசகருக்கு ரெண்டு புத்தகம்னு பிரிச்சு எழுதினவங்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டுல சிவஞான முனிவர் சைவ சித்தாந்தத்தோட மூல நூலான சிவஞானபோதத்துக்கு உரையா மாபாடியம்னு பெருசா ஒண்ணும் சிற்றுரைன்னு சின்னதா ஒண்ணும் எழுதினாரு. கேரளத்து நாராயண குரு தர்சனமாலைய சமஸ்கிருதத்துல நூறு சுலோகமா எழுதினாரு, ஆத்மோபதேச சதகத்த மலையாளத்துல நூறு பாட்டா எழுதினாரு. அவரோட சீடர் நடராஜ குரு 1923ல குருகுலம் ஆரம்பிச்சது வேற எங்கயும் இல்ல, நம்ம நீலகிரிலதான். அவரு பாரிஸ்ல சோர்போன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினவரு, அவரு எழுதினது கனமா இருக்கும், நமக்கு மூச்சு வாங்கும். அதே குருகுலத்துல இருந்த நித்ய சைதன்ய யதி மலையாளத்துல சாதாரண வாசகர்களுக்குன்னு எழுதிக் குவிச்சாரு. ஒரே மலை, ஒரே பரம்பரை, ரெண்டு விதமான எழுத்து.

இப்படிப் பிரிக்கும்போது என்ன நஷ்டம்னா, அதுக்கு ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் கதையச் சொல்லணும். இருபத்தஞ்சு சொச்சம் வயசுல எழுதின பெரிய புத்தகம் 1739லயும் 1740லயும் வெளிவந்துச்சு, அச்சகத்துல இருந்தே செத்துப் பிறந்துச்சுன்னு அவரே பின்னாடி எழுதினாரு. அப்புறம் 1742ல ஒரு கட்டுரைல படிச்சவங்க உலகம், பேசிப் பழகுறவங்க உலகம்னு ரெண்டு இருக்கு, நான் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போற தூதர்னு தன்னையே சொல்லிக்கிட்டாரு. 1748ல சின்னதா, தெளிவா மறுபடி எழுதினாரு, நல்ல தமாஷான நடை. ஆனா 'நான்'ங்கிற ஒருத்தர் உண்மைல இருக்காரா, இல்ல மாறி மாறி வர்ற அனுபவங்களோட கூட்டம்தானாங்கிற பகுதி பெரிய புத்தகத்துல இருந்துச்சு, இதுல காணோம். இன்னிக்கு தத்துவ வகுப்புல ஹியூம்னாலே அதப் பத்தித்தான் சண்டை! அந்தப் பகுதிய பொது வாசகர் தாங்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், நிலையான 'நான்' கிடையாதுங்கிற பௌத்தம் கேள்விப்பட்ட நம்ம ஊர்ல அது டீக்கடைல பேசுற விஷயம்.

அப்ப எதக் கழிக்கலாம்? மேற்கோள் கட்டு, யாரு யாருக்கு முன்னாடி சொன்னாங்கிற தகராறு, சக அறிஞருக்குப் பயந்து போடுற "ஒருவகையில்", "ஓரளவுக்கு" எல்லாம் போகட்டும்.

இங்க ஒரு தம்பி குறுக்க கேட்டாரு, சத்காரியவாதம் மாதிரி சொல் வந்தா என்ன சார் பண்றதுன்னு. முதல்ல சண்டையச் சொல்லுங்க தம்பி, பேர அப்புறம் சொல்லுங்க. நூல்கள்ல பானையும் மண்ணும் வரும், நமக்கு தேயிலை இருக்கு. பச்சை இலைய மோந்து பாத்தா டீ மணம் வராது, ஃபேக்டரில வாட்டி, ரோல் பண்ணி, ஃபெர்மென்ட் ஆகி, ட்ரையர்ல போனாதான் வரும். அந்த மணம் இலைல ஏற்கனவே இருந்துச்சா, புதுசா உண்டாச்சா? இருந்துச்சு, வெளிப்பட்டுச்சு அவ்ளோதான்னா நீங்க சாங்கியர்ங்கிற பழைய தத்துவப் பள்ளியோட கட்சி, அதான் சத்காரியவாதம். புதுசா வந்துச்சுன்னா அவங்கள எதிர்க்குற நியாய வைசேஷிகர் பள்ளியோட கட்சி. ஏற்கனவே இருந்தா ஃபேக்டரி எதுக்குன்னு இவங்க கேப்பாங்க.

உடனே நடு வரிசைல இருந்து ஒரு அக்கா, "உறைபனில கருகுன இலையப் போட்டா எந்த ஃபேக்டரில போட்டாலும் அந்த மணம் வராதுங்க"ன்னாங்க. பிரமாதம்! எள்ளுல எண்ணெய் வரும் மணல்ல வராதுன்னு சாங்கியர் சொல்ற வாதமே இதுதான். ஆனா அக்கா, நியாய வைசேஷிகர் விட மாட்டாரு, நல்ல இலைக்கு மணத்த உண்டாக்குற தகுதி இருக்குன்னுதான் அதுல தெரியுது, மணமே உள்ள இருந்துச்சுன்னு எப்படி ஆகும்னு கேப்பாரு. அதுக்கு சாங்கியர் திருப்பி, அந்தத் தகுதிங்கிறது என்ன, வெளிய வராத மணம்தானேம்பாரு. இதுக்கு யாரு பதில் சொல்றீங்க? மைக்க அந்தப் பக்கம் குடுங்க.