இங்கதான் இருக்கோம், எச் வரிசையில

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மணி ஒன்பதே கால். பின்வரிசையில சில பேர் காலால செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டீங்க, அதனால வணக்கம் அவ்வளவுதான்.

தலைப்பு: 'இங்கிலாந்து நடிகை ஜூடி டென்ச்சை ஆளாக்கியது மேடை கொடுத்த அடியா, வீடு கொடுத்த மடியா?' நான் மடி. எனக்கு முன்னாடி பேசின அண்ணன் அடி. அவர் மைக்கைத் தட்டின தட்டுலயே அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அண்ணன் என்ன சொன்னார்? 1957, லிவர்பூல், ராயல் கோர்ட் தியேட்டர். நடிப்புப் பள்ளியில தங்கப் பதக்கம் வாங்கின கையோட, 22 வயசுப் பொண்ணுக்கு ஓல்ட் விக் நாடகக் கம்பெனி ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட்டுல நாயகி ஒஃபீலியா வேஷம் குடுத்துச்சு. பத்திரிகைக்காரங்க கிழிகிழின்னு கிழிச்சாங்க. மறு வருஷம் கம்பெனி அமெரிக்கா கிளம்பினப்ப ஒஃபீலியா வேற ஒருத்தருக்குப் போச்சு. அப்புறம் ஒரு சினிமா டைரக்டர், 'உன் முகத்துல இருக்கிறது அத்தனையும் தப்பு'ன்னு நேராவே சொல்லி அனுப்பினார். இந்த அடி எல்லாம் சேர்ந்துதான் ஜூடி டென்ச்சுன்னு அண்ணன் முடிச்சார். முடிக்கும்போது, 'உளி அடி படாம கல்லு சிலை ஆகுமா?'ன்னு ஒரு கேள்வி வேற.

கல்லும் சிலையும் வராத பட்டிமன்றத்தை நான் இன்னும் பார்க்கலை. அண்ணே, அடி வாங்கின கல்லெல்லாம் சிலையா ஆகுது? ஜல்லியும் அடி வாங்கின கல்லுதான்!

அதோட விட்டாரா? என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, 'மடி கூடாதுன்னு வள்ளுவரே மடியின்மைன்னு ஒரு அதிகாரம் எழுதிட்டார், தங்கச்சி பாவம் வள்ளுவருக்கு எதிரா நிக்குது'ன்னார். நீங்களும் கைதட்டினீங்க. தட்டினவங்களை நான் பார்த்து வச்சிருக்கேன்.

ஐயா, வள்ளுவர் வேண்டாம்னது சோம்பலை. அம்மா மடியை இல்லை. சரி, வள்ளுவர் உங்க கட்சின்னே வச்சுக்குவோம். அவர் குடுத்தது எத்தனை அடி? ரெண்டு கூட முழுசா இல்லை, ஒன்றே முக்கால்! உலகத்துக்கே புத்தி சொன்ன மனுஷன், அடியை மட்டும் அளந்து குடுத்திருக்கார். மாட்டைக் கேளுங்க. மடியைத் தடவினா பால் தரும். அடிச்சுப் பாருங்க, உங்க பல்லுதான் தரையில கிடக்கும். இவ்வளவு எதுக்கு, அண்ணன் இந்தப் பேச்சை எதுல தயார் பண்ணினார்? மடிக்கணினியில! அடிக்கணினின்னு ஒண்ணு எந்தக் கடையில விக்குது?

நடுவர் பேனாவைத் தட்டுறார். ஜூடிகிட்டப் போயிடுறேன்.

யார்க் நகரம். அப்பா டாக்டர். ஊர்ல இருந்த நாடக அரங்கத்து நடிகர்களுக்கும் அவர்தான் வைத்தியம். 1951-ல, கிட்டத்தட்ட நானூறு வருஷமா நின்னு போயிருந்த யார்க் நகரத்துப் பழைய பைபிள் நாடகங்களை, இடிஞ்சு கிடந்த ஒரு மடாலயத்துச் சுவருக்கு முன்னாடி திரும்பப் போட்டாங்க. பள்ளிக்கூடப் பொண்ணு ஜூடி அதுல ஒரு தேவதை. அம்மா அந்த நாடகங்களுக்கு உடுப்பு தச்சாங்க, அப்பாவும் வேஷம் கட்டினார். நம்ம ஊர்ல பொண்ணு மேடை ஏறினா வீட்டுல கதவைச் சாத்துவாங்க, அங்க குடும்பமே மேடையில நிக்குது! அதே நாடகத்துல 1957-ல ஜூடி மேரி மாதா. கொஞ்ச மாசத்துலதான் நம்ம அண்ணன் சொன்ன லிவர்பூல் அடி.

இன்னொண்ணு. அந்தப் பொண்ணுக்கு முதல்ல ஆசை மேடைக்கு செட் போடுறதுல. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் ஸ்ட்ராட்ஃபோர்டுல, அவரோட லியர் ராஜா நாடகத்து செட்டைப் பார்த்ததும், 'இப்படி எனக்குத் தோணவே தோணாது'ன்னு அதை விட்டுட்டாங்க. நடிப்புப் பள்ளிக்கு வழி காட்டினது யாரு? அங்க முன்னாடியே சேர்ந்திருந்த அண்ணன். (உங்களைச் சொல்லலைண்ணே, அவங்க கூடப் பிறந்தவர்.)

இப்ப வர்றது 1960, லண்டன்ல ஓல்ட் விக் அரங்கம். இத்தாலிக்காரர் ஜெஃபிரெல்லி இயக்கின ரோமியோ ஜூலியட். ஜூடிதான் ஜூலியட். மூணாவது அங்கம். ஜூலியட்டோட தாய்மாமன் மகன் டைபால்ட் செத்துட்டான், கொன்னது ரோமியோ. பொண்ணு அழுதுகிட்டே செவிலித்தாய்கிட்டக் கேட்கணும்: 'எங்கே என் அப்பா? எங்கே என் அம்மா?' கேட்டாங்க. அரங்கமே அமைதி. இருட்டுல இருந்து ஒரு குரல்: 'இங்கதான் இருக்கோம் கண்ணு, எச் வரிசையில!'

யாரு? யார்க் டாக்டர் ரெஜினால்ட் டென்ச்!

சிரிக்காதீங்க, இன்னொரு தடவை சொல்றேன், சரியாப் பாருங்க. அந்தக் கேள்விக்கு ஷேக்ஸ்பியர் என்ன பதில் எழுதி வச்சிருக்கார்? 'டைபால்ட் பிணத்து மேல விழுந்து அழுதுக்கிட்டு இருக்காங்க.' செவிலியா நின்ன பெக்கி மவுண்ட் அந்த வரியைச் சொல்லியாகணும். அப்பாவோ எச் வரிசையில கோட்டும் சூட்டுமா உட்கார்ந்திருக்கார்! பக்கத்துல அம்மா. அந்த அம்மா முழங்கையால ஒரு இடி இடிச்சிருப்பாங்க, அது என் கற்பனை. நானூறு வருஷத்துக்கு மேலா ஷேக்ஸ்பியர் நாடகம் நடக்குது, அவர் எழுதாத வரியை யாராவது இவ்வளவு கச்சிதமாச் சேர்த்திருக்காங்களா? நம்ம ஊர் அப்பாவா இருந்தா, 'சாப்பிட்டியா?'ன்னு சேர்த்துக் கேட்டிருப்பார்.

அண்ணன் சொல்லுவார், அது நாடகத்துக்கு இடைஞ்சல்னு. இருக்கட்டும். மூணு வருஷம் முன்னாடி அதே கம்பெனியில அடி வாங்கின பொண்ணு, இப்ப லண்டன் மேடையில நிக்குது. அழுது நடிக்கிறா. எதிர்ல இருட்டு. அந்த இருட்டுக்குள்ள, நாடகம்ங்கிறதையே மறந்துட்டு, தன் பொண்ணு நிஜமாத்தான் தேடுறான்னு ஒரு மனுஷன் பதில் சொல்றார் பாருங்க... முகம் சரியில்லைன்னு சொன்னாங்களே, அதே முகத்துக்கு 1966-ல புதுமுகம்னு பாஃப்டாங்கிற பிரிட்டிஷ் சினிமா விருது குடுத்தாங்க. அதை விடுங்க. எனக்கு அந்த எச் வரிசைதான் மனசுல நிக்குது.

ஏழாம் வகுப்புல என் முதல் பேச்சுப் போட்டி. நாலாவது வரியில எல்லாம் மறந்து போச்சு. தொண்டை அடைச்சு நிக்கிறேன். பின்னாடி வேப்பமரத்துக்குக் கீழ ஒரு காக்கிச்சட்டை. கண்டக்டர் டூட்டி முடிச்சு, தோள்ல பையோட அப்படியே வந்திருந்தார். 'பாப்பா, அப்பா இங்கதான் நிக்கிறேன், மெதுவாச் சொல்லு!' ஸ்கூலே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு மானமே போச்சு. ஆனா அஞ்சாவது வரி வந்துச்சு. மூணாவது பரிசு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். போட்டியில மொத்தமே மூணு பேர்தான், அதை அவர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. அந்தக் கிண்ணத்துலதான் மோர் குடிப்பார்.

இப்ப அவர் இல்லை. நடுவர் ஐயா, தீர்ப்பு உங்க இஷ்டம். எச் எட்டாவது எழுத்து. எந்த ஊர்ல மைக்கைப் பிடிச்சாலும் எட்டாவது வரிசையை ஒரு தடவை பார்த்துக்குவேன். இன்னைக்கு அங்க ஒரு பெரியவர் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறார். யாரும் எழுப்பாதீங்க.

வணக்கம்.