முன்வரிசையோடு பேசிச் சிரிக்க வைப்பது ஸ்டாண்ட்-அப் ஆகுமா?

திரையில்: சிறிய மேடை, ஒற்றை மைக், முன்வரிசை நாற்காலிகள்.

வணக்கம். நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் மேடையேறி, முன்வரிசையில் இருப்பவரிடம் எந்த ஊர், என்ன வேலை, பக்கத்தில் இருப்பது யார் என்று விசாரித்து, கிடைக்கும் பதிலை வைத்தே அரங்கைச் சிரிக்க வைக்கிறார். துறையில் இருப்பவர்கள் இதைக் கிரவுட் வொர்க் என்கிறார்கள். கோலாலம்பூரில் தமிழில் நடக்கும் நிகழ்ச்சியானாலும் ஆங்கிலத்தில் நடக்கும் நிகழ்ச்சியானாலும், ரசிகர்களிடையே ஒரு வாக்குவாதம் அடிக்கடி எழுகிறது: மாதக்கணக்கில் எழுதி, யாரும் ஏறிப் பேசக்கூடிய ஓப்பன் மைக் மேடைகளில் சோதித்து, சிரிப்பு வராத வரிகளை வெட்டி உருவாக்கும் ஒரு மணி நேரத்தை ஸ்டாண்ட்-அப், அதாவது தனி ஆளாக மேடையில் நின்று சொல்லும் நகைச்சுவை, என்று அழைத்துவிட்டு, இந்த அரட்டையையும் அதே பெயரால் அழைப்பது நியாயமா?

நியாயம்தான் என்பது இந்தக் காணொளியின் நிலைப்பாடு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை, அதாவது ‘அந்த நொடியில் யோசித்துச் சொல்கிறார், ஆகவே இதுதான் அசல் திறமை’ என்பதை, நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

திரையில்: உரையாடல் வரிவரியாகத் தோன்றுகிறது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிகழ்ச்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அருகில் அவர் மனைவி.

“அண்ணே, என்ன வேலை செய்றீங்க?”
“இன்சூரன்ஸ் ஏஜெண்ட் லா.”
“எத்தனை வருசமா?”
“இருபத்திரண்டு வருசம்.”
“அக்கா, உங்க பேருல ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்திருக்காரா?”
“இல்ல.”

அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. கலைஞர் அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை வாய் திறக்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு சொல்கிறார்: “கோவிச்சுக்காதீங்க அக்கா, அது கம்பெனி ரூல். ஏற்கெனவே நடந்துபோன ஆக்சிடெண்டுக்கு கவரேஜ் கிடையாது.”

இங்கே இரண்டு சிரிப்புகள் இருக்கின்றன. முதலாவது அந்த அம்மையாருக்குச் சொந்தமானது. ஒற்றைச் சொல்லை இம்மியும் தயங்காமல் சொன்ன வேகம்தான் அதன் உயிர். கலைஞர் அதில் செய்தது, சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றது மட்டுமே. இரண்டாவது சிரிப்பு கலைஞருடையது. காப்பீட்டு விதி ஒன்றை எடுத்து, அதைத் திருமணத்தின்மீது பொருத்தி, கணவரைக் காப்பாற்றுவதுபோலத் தொடங்கி அவரையே விபத்தாக்கிவிடுகிறார். இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. எழுதப்பட்ட நகைச்சுவைக்கு இருக்கும் அதே வடிவம்தான்.

அடுத்ததாக வரும் கேள்விதான் முக்கியமானது. அந்த இரண்டாவது வரி அன்றிரவுதான் பிறந்ததா? அப்படியும் இருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஏஜெண்டிடம் பேசும்போது பிறந்து, அன்றுமுதல் கலைஞரின் நினைவில் காத்திருந்ததாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் ஈப்போவில் இன்னோர் ஏஜெண்ட் முன்வரிசையில் அகப்பட்டால், இதே வரி மீண்டும் வரும். ‘கணக்காளர்’ என்றால் ஒரு வரி, ‘வக்கீல்’ என்றால் ஒரு வரி, ‘வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ஒரு வரி என, அனுபவமுள்ள கலைஞர்கள் பலர் இப்படி ஒரு கையிருப்பை வைத்திருக்கிறார்கள். மேடையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஊர், வேலை, உறவு என்ற மூன்றுக்குள் அடங்கிவிடுவதற்கு இது ஒரு காரணம்; பதில்கள் எந்தத் திசையில் வரும் என்பது ஓரளவு முன்பே தெரியும். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது தெரிந்தபிறகு, எழுதியது ஒரு பக்கம், எழுதாதது மறுபக்கம் என்று கோடு கிழிப்பது கடினமாகிவிடுகிறது. எழுதப்பட்டதாகத் தோன்றும் பல நகைச்சுவைகளும், என்றோ ஒரு பார்வையாளருடன் பேசியபோது தற்செயலாக வாயில் வந்து, பிறகு மெருகேறியவையே.

திரையில்: ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம்.

தமிழுக்கு இந்த விவாதம் புதிதன்று. நாற்கவி என்று நம் முன்னோர் வகுத்த ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் ஆகிய நான்கில், கேட்ட மாத்திரத்தில் பாடுவதற்கு ஆசு என்று தனி இடமே உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவரிடம், முருகனைப் பற்றிச் ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியும்படி ஒரு வெண்பா கேட்டார்கள் என்றும், அவர் செருப்பைச் ‘செருப்புக்கு’ (செரு என்றால் போர்) என நீட்டிப் போருக்குள் புகும் வீரர்களாக்கி, விளக்குமாற்றைத் தலைவனிடம் செல்லும் வழியைச் சொல்லும்படி வண்டிடம் விடுக்கும் வேண்டுகோளாக்கி முடித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் மாட்டிவிட நினைத்துக் கொடுத்த குறும்பான சொற்களை வாங்கி, கேட்டவரே தலையாட்டும்படி திருப்பிக் கொடுத்தார் அல்லவா? கிரவுட் வொர்க் என்பதன் கடினமான வடிவம் இதுதான்.

அதே சமயம், நம் மரபு ஆசுகவிக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. விரைந்து பாடினார் என்பதற்காகத் தளை தட்டினால், அதாவது யாப்பு பிசகினால், எவரும் மன்னித்துவிடவில்லை. சபை கலைந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆனபின்பும், கேள்வி கேட்டவர் யாரென்றே தெரியாத நிலையிலும், அந்த வெண்பா தனித்து நிற்கிறது. என்னுடைய அளவுகோலும் அதுவே. ஏஜெண்டின் முகத்தைப் பார்க்காத ஒருவரிடம் மறுநாள் சொன்னாலும் அந்த விபத்து வரி சிரிக்க வைக்கும். ஆகவே அது ஸ்டாண்ட்-அப். ‘என்ன தலையில முடியே இல்ல?’ என்று கேட்டு அவர் நெளிவதைக் கண்டு கூட்டம் சிரித்தால், அங்கே கலைஞர் ஒன்றையும் ஆக்கவில்லை. கூச்சப்பட்டவரே அந்தச் சிரிப்பை விளைவித்தார். பணம் வாங்கிக்கொண்டு செய்தாலும் அது கேலிதான்.

துறையின் வரலாற்றிலும் கிரவுட் வொர்க் பிற்காலத்தில் ஒட்டவைத்த சேர்க்கையன்று. 2017-இல் மறைந்த அமெரிக்கக் கலைஞர் டான் ரிக்கிள்ஸ், பார்வையாளர்களை வம்புக்கு இழுப்பதையே தம் அடையாளமாக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் மேடையில் நின்றவர். சாதாரண நிகழ்ச்சிகளிலும் தொகுப்பாளர் முதலில் வந்து கூட்டத்தோடு பேசுவது அரங்கைச் சூடேற்றுவதற்காக. யார் வந்திருக்கிறார்கள், எந்த மொழியில் சொன்னால் எடுபடும், எந்த மேசை ஏற்கெனவே குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறது என்பதையெல்லாம் அடுத்து வருபவர் திரைக்குப் பின்னால் நின்று கவனித்துக்கொள்வார்.

இப்போது புதிதாக வந்திருப்பது கைப்பேசித் துணுக்கு. எழுதிய நகைச்சுவையை இணையத்தில் போட்டுவிட்டால் அது செலவாகிவிடும். நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர் அதன் முடிவை முன்பே அறிந்திருப்பார். முன்வரிசையோடு பேசியது அந்த இரவோடு முடிந்துவிடுவதால், அதை வெளியிடுவதில் நட்டமில்லை. விளம்பரத்துக்கு இதைவிட மலிவான சரக்கு கிடையாது. மேட் ரைஃப் என்ற அமெரிக்கக் கலைஞர் 2022-இல் டிக்டாக்கில் பெரும்புகழ் பெற்றது இத்தகைய துணுக்குகளால்தான். 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவரது நிகழ்ச்சி பெரும்பாலும் எழுதப்பட்ட நகைச்சுவையாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அதே தளத்தில் வந்ததோ முழுக்க முழுக்கக் கிரவுட் வொர்க். எந்தச் சரக்குக்கு வாடிக்கையாளர் வந்தாரோ அதையே கடைசியில் கடையில் வைக்க வேண்டியதாயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன்.

துணுக்கு மறைக்கும் ஒன்றும் உண்டு. எழுபது நிமிடம் பேசியதில் தொண்ணூறு நொடி மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறது. ‘என்ன வேலை?’ என்ற கேள்விக்கு ‘சும்மா இருக்கேன்’ என்ற பதில் வந்து, அதிலிருந்து எதுவும் கிளைக்காமல், கலைஞர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்த பகுதிகளை யாரும் பதிவேற்றுவதில்லை. எழுதி வருபவருக்கு இந்த வசதி இல்லை. 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் தனி நிகழ்ச்சி தந்த நம் நாட்டுக் கலைஞர் காவின் ஜேயின் நகைச்சுவை, கிள்ளான் நகரை வரைபடத்திலும் பார்த்திராதவர்களுக்கும் எடுபட்டாக வேண்டும். முன்வரிசையோடு பேசுபவர் அந்த ஒரு கூட்டத்தை வென்றால் போதும். இரண்டுமே கடினம், ஆனால் தொடர்ந்து கடினமாக இருப்பது எழுதி வருவதே என்று எனக்குத் தோன்றுகிறது.

கோலாலம்பூரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நம் சமூகம் சிறியது. மேடையில் கேலிக்கு ஆளானவரின் முகம் துணுக்கில் தெரிந்தால், விடிவதற்குள் அது குடும்ப வாட்சாப் குழுவுக்கு வந்து, சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாமா தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார். கேலிக்கு ஆளானவர் சீட்டு வாங்கியது பார்ப்பதற்கு, நடிப்பதற்கு அன்று. ஒளிபரப்புமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது குறைந்தபட்ச மரியாதை. மேலும், இனம், மதம் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதிவைத்த வரியையாவது நான்கு பேரிடம் காட்டித் திருத்தலாம். உரையாடலின் சூட்டில் வந்துவிடும் சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் விளைவும் பேசியவரோடு நிற்பதில்லை. 2022-இல் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் இயங்கிய நகைச்சுவை அரங்கு ஒன்று, தன் ஓப்பன் மைக்கில் ஏறிய ஒருவர் நடந்துகொண்ட விதத்தால் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து, கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல் வழங்கிய உரிமத்தையே இழந்தது. அது கிரவுட் வொர்க் அன்று. ஆனால் முன்கூட்டிப் பார்க்க முடியாத பேச்சுக்கு இடம் கொடுப்பவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்பதற்கு ஒன்று மீதமிருக்கிறது. நிகழ்ச்சி முழுவதும் உரையாடலாகவே இருக்கப்போகிறது என்றால், அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடலாம். எழுதிய ஒரு மணி நேரத்தை எதிர்பார்த்து வருபவரும், முன்வரிசையில் உட்கார அஞ்சுபவரும் அதற்கேற்ப முடிவு செய்துகொள்வார்கள். அமெரிக்காவின் டாட் பேரி, தயாரித்த நகைச்சுவை எதையும் எடுத்துச் செல்லாமல் ஊர் ஊராகப் போய் நடத்திய நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டபோது, தலைப்பிலேயே கிரவுட் வொர்க் பயணம் என்று போட்டுவிட்டார்.