கூரைச் சொட்டு சொன்ன சாட்சி

அன்பர்களே, நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தகரக் கூரைக்கு மழைநீரைப் பிடித்து வடிக்கும் பீலி கிடையாது. மழை பிடித்தால் தகரத்தின் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு தாரை இறங்கும். வாசல் மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். எங்களுக்கு அதுதான் கோலிக் குழி. பின்னாளில் லயத்தை இடித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பலகை இல்லை, தகரம் இல்லை, குழி வரிசை மட்டும் அப்படியே கிடந்தது. எங்கள் வீடு எதுவரை இருந்தது என்று அதை வைத்தே காட்ட முடிந்தது.

பினாங்கில் நின்றுகொண்டு லண்டனைப் பற்றிப் பேச எனக்கு இந்தக் குழிகளே துணிவு தருகின்றன. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1587இல் பிலிப் ஹென்ஸ்லோ ‘ரோஸ்’ என்ற நாடகக் கொட்டகையைக் கட்டினார். மரச்சட்டம், மேலே வேய்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம். இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1989இல் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோதுதான் அதன் தடம் வெளிப்பட்டது.

சுவர்களைத் தாங்கிய சுண்ணக்கல், செங்கல் அடித்தளங்கள் கிடைத்தன. கோடு போட்டு இணைத்தால் ஏறத்தாழ 14 பக்கங்கள். குறுக்களவு சுமார் 22 மீட்டர். இதெல்லாம் பொறியாளருக்கு. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: முற்றத்துச் சாந்துத் தரையில், உட்சுவரை ஒட்டி ஓடிய ஒரு நீர் அரித்த பள்ளம். கூரை விளிம்பின் சொட்டு! ஒரு பென்னி கொடுத்து அங்கே நின்று நாடகம் பார்த்தவனின் தோளும் நனைந்திருக்கும். ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது; 1592இல் கொட்டகையை விரிவாக்கிய செலவை ஆணி முதல் எழுதி வைத்த மனிதர் அவர். இந்தச் சொட்டை எழுதி வைத்தது மண்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். 1786இல் பினாங்கில் குடியேற்றம் அமைத்த ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இங்கே முதலில் எழுப்பியது செங்கல் கோட்டை அன்று. நிபோங் என்னும் பனை வகை மரத்தின் கம்பங்களை நட்டு அடைத்த வேலி. கம்பம் மக்கிப் போகும். ஆனால் அது நின்ற குழியில் பிறகு இறங்கும் மண், சுற்றியுள்ள மண்ணைப் போல இராது. நிறம் வேறு, இறுக்கம் வேறு. கரண்டியால் மெல்லச் சுரண்டினால் வட்டமாகத் தெரியும். அவசரப்பட்டு மண்வெட்டியைப் போட்டால் போயிற்று.

அந்த வேலிக்குப் பின் அங்கே எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் எப்போது தோண்டினாலும், பீரங்கிக் குண்டு கிடைத்ததா என்றுதான் கேட்கிறோம். அடுத்த முறை, கறுத்த வட்டம் ஏதாவது தெரிந்ததா என்று கேளுங்கள்.